விதியை மாற்றினால் ஆட்டம் கெடுமா?

சதுரங்கத்தில் கோட்டை கட்டும் முறையை ஆடத் தெரிந்த அனைவரும் அறிவர். அரசன் யானையை நோக்கி இரண்டு கட்டம் நகர, யானை அவனைத் தாண்டி அடுத்த கட்டத்தில் வந்து நிற்கும். இரண்டும் அதுவரை நகர்ந்திருக்கக் கூடாது. இடையில் வேறு காய் இருக்கக் கூடாது. அரசன் செக்கில் இருக்கவோ, எதிரி தாக்கும் கட்டத்தைக் கடக்கவோ, அதில் போய் நிற்கவோ கூடாது. இவ்விதியைச் சற்றே மாற்றிப் புதிர் அமைப்போரும் உண்டு. அது விளையாட்டைக் கெடுப்பதாகும் என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். அது அறிவைத் தீட்டும் நல்ல பயிற்சி என்பதே எங்கள் கருத்து.

முதலாவதாக, இவ்விதி வானத்திலிருந்து இறங்கியதன்று. பழைய இந்திய ஆட்டத்தில் கோட்டை கட்டுவதே இல்லை. செக் வாங்காத அரசன் ஒரே ஒரு முறை குதிரையைப் போல் தாவலாம். இத்தாலியிலோ 19-ஆம் நூற்றாண்டு வரை, அரசனும் யானையும் போய் நிற்கும் கட்டங்களை ஆடுபவரே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். 1996-இல் பாபி ஃபிஷர் அறிவித்த புதுவகை ஆட்டத்தில் 960 தொடக்க நிலைகள் உண்டு. அதற்கேற்பக் கோட்டை கட்டும் விதியும் விரிந்தது.

இரண்டாவதாக, விதியை அசைத்துப் பார்த்தால்தான் அதன் ஒவ்வொரு சொல்லின் எடையும் விளங்கும். 1972-இல் நெதர்லாந்து நாட்டு டிம் கிராபே வேடிக்கையாக ஒரு புதிர் அமைத்தார். அரசன் நிற்கும் அதே நேர்க்கோட்டில் ஒரு சிப்பாய் கடைசிக் கட்டத்தை அடைந்து யானையாகிறது. புதிதாகப் பிறந்த அந்த யானை நகர்ந்ததே இல்லையல்லவா? ஆகவே நெடுக்காகக் கோட்டை கட்டலாம் என்றார் அவர்! இதனால்தான் விதியையே பின்னர் திருத்தினர் என்று ஒரு கதையும் பரவியது. உண்மையில், இரண்டும் ஒரே கிடைவரிசையில் இருக்க வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டின் உலக விதிகளிலேயே இருந்தது. அச்சிறு சொற்றொடரின் அருமையை உணர்த்தியது ஒரு வேடிக்கைப் புதிரே.

மூன்றாவதாக, புதிர் உலகின் நீதி அழகானது. கோட்டை கட்டும் உரிமை இழக்கப்பட்டது என்று மெய்ப்பிக்காதவரை அவ்வுரிமை உண்டு என்றே கொள்வர். கறுப்புக்கு அரசனும் ஒரே யானையும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. மற்றவை தொடக்கக் கட்டத்திலேயே நிற்கும் சிப்பாய்கள் மட்டும். இப்போது வெள்ளையின் முறை. அப்படியானால் கறுப்பு கடைசியாக நகர்த்தியது எது? சிப்பாய்கள் நகரவில்லை. அரசனோ யானையோதான் நகர்ந்து திரும்பியிருக்க வேண்டும். கோட்டை கட்டும் உரிமை போயிற்று! சாட்சியே இல்லாமல் உண்மையைக் கண்டுபிடிக்கிறோம்.

"இது ஏமாற்று வேலையன்றோ?" என்பீர்கள். ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றுவதே ஏமாற்று. புதிரின் தலையிலேயே மாற்றத்தை அறிவித்து, தானும் அதற்குக் கட்டுப்பட்டு, ஒரே விடை வரும்படி அமைப்பது நேர்மையே. விதியின்றிப் புதிரே இல்லை.

அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் தம் கன்னியருக்குத் தாழ்ச்சியின் வலிமையைச் சதுரங்க இராணியைக் காட்டி விளக்கினார். 1944-இல் ஸ்பெயின் நாட்டுத் திருச்சபை அவரைச் சதுரங்க ஆட்டக்காரரின் பாதுகாவலியாக அறிவித்தது. கன்னியர் மடத்துக்கும் சதுரங்கத்துக்கும் தூரம் அதிகமில்லை.

தோழியரே! பிறர் கேட்கும் வினாவுக்கு விடை எழுதியே பழகிவிட்டோம். பெண்பிள்ளைகளுக்கு அது போதும் என்று எண்ணுவோரும் உளர். வினாவை அமைப்பவருக்கே விதியின் உள்ளும் புறமும் தெரியும். ஒரு பலகையும் சில காய்களும் போதும். நாமும் ஒரு புதிரை அமைத்துப் பார்ப்போம்!