முடி போனால் முளைக்கும்



நோயுற்றவரைக் காணச் செல்லும் நாம் நோயைப் பற்றியே பேசித் திரும்புகிறோம். அவர் உள்ளத்தில் வேறொரு கவலை இருக்கக்கூடும். சொன்னால் பிறர் நகைப்பரோ என்றெண்ணி அவர் வாய் திறப்பதில்லை. பிச்சாவரம் பக்கத்துத் தாய் ஒருவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சை முடிந்தது. இனி கீமோ மருந்து ஏற்றவேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், அது வேண்டவே வேண்டாம் என்றார் அவர். சாவுக்கு அஞ்சியன்று, செலவுக்கு அஞ்சியுமன்று. "முடியெல்லாம் கொட்டிப் போகுமாமே, சாமி! மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்துல மொட்டைத் தலையோட வாசல்ல எப்படி நிப்பேன்?" என்பதே அவர் கேள்வி.

இதை அற்பக் கவலை என்று தள்ளிவிடலாகாது. நம் நாட்டில் பெண்ணின் கூந்தலோடு பூவும் பொட்டும் மங்கலமும் சேர்த்தே எண்ணப்படுகின்றன. ஒரு காலத்தில் சில சமூகத்தார் கணவனை இழந்தவளின் தலையை மழித்தனர். அக்கொடுமை மறைந்தது, அது விட்டுச்சென்ற எண்ணம் மறையவில்லை. முடியற்ற பெண் எதிரே வந்தால் முகம் சுளிப்போர் இன்றும் உளர். ஆண்களுக்கும் இவ்வருத்தம் உண்டு. அவர்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவே.

ஆயினும், அஞ்சுவதற்கு முன் உண்மையை அறிந்துகொள்வது நன்று. கீமோ மருந்து, விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குவது. புற்றணுக்கள் அத்தகையவை. முடியின் வேர்க்கால்களில் உள்ள அணுக்களும் விரைந்து பெருகுபவையே. எனவே அவையும் அடிபடுகின்றன. ஆனால் எல்லா மருந்துகளும் ஒரே அளவில் முடியை உதிர்ப்பதில்லை. மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் சில மருந்துகளால் தலை முழுவதும் வெறுமையாகிவிடும். அதைக் கண்டவர்கள், கீமோ என்றாலே மொட்டைதான் என்று முடிவு கட்டிவிட்டனர். குடல் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் தரப்படுபவை ஃபுளூரோயுராசில், கேப்சிடபின், ஆக்சாலிபிளாட்டின் ஆகியன. இவற்றால் பலருக்கு முடி மெலியுமேயன்றி முற்றும் போய்விடுவதில்லை. இரினோடெக்கான் என்னும் மருந்து சேரும்போது உதிர்வதற்கான வாய்ப்பு மிகுதி. ஆதலால், "எனக்கு எந்த மருந்து தரப் போகிறீர்கள்? அதனால் முடி எவ்வளவு போகும்?" என்று மருத்துவரிடமே கேளுங்கள். அண்டை வீட்டாரிடம் கேளாதீர்கள்.

உதிர்வதாயின், பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் உதிரத் தொடங்கும். மருந்து நின்ற சில மாதங்களில் மீண்டும் முளைக்கும். மாதத்திற்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். முதலில் வரும் முடி சற்றே சுருண்டோ நிறம் மாறியோ இருக்கலாம். பிச்சாவரத்தார்க்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. சீரழிந்து கிடந்த சதுப்புநிலப் பகுதிகளில் 1990-களில் மீன்முள்ளைப் போலக் கால்வாய்கள் வெட்டி, உப்பங்கழி நீர் வந்து போக வழி செய்தார்கள். காடு மீண்டும் தழைத்தது. நிலம் செத்துப் போகவில்லை. தடை நீங்கக் காத்திருந்தது. முடியின் வேர்க்காலும் அவ்வாறே.

அதுவரை செய்யத்தக்கவை சில உண்டு. நீண்ட கூந்தலை முன்கூட்டியே குட்டையாக வெட்டிக்கொண்டால், கற்றை கற்றையாய்க் கையோடு வரும் துயரம் குறையும். இறுகப் பின்னுவதும் சாயம் பூசுவதும் வேண்டா. மென்மையாகச் சீவுங்கள். வெயிலில் செல்லும்போது பருத்தித் துணியால் தலையை மூடிக்கொள்ளுங்கள். முடி வளர்க்கும் என்று யாரோ தரும் எண்ணெயையும் சூரணத்தையும் மருத்துவரைக் கேளாமல் தொடாதீர்கள்.

முடியைப் பற்றிய கவலையில் அதனினும் பெரியவற்றை மறந்துவிடலாகாது. ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிக்கொண்டவர்க்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரல்கள் மரத்துக் கூசும். ஆகவே மீன் விற்கும் தாய்மார்கள் அந்நாட்களில் பனிக்கட்டிப் பெட்டியில் கை வைக்கவேண்டா. கேப்சிடபின் உண்பவர்க்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியலாம். உடனே மருத்துவரிடம் கூறுங்கள். காய்ச்சல் கண்டால் ஒரு நாளும் பொறுத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கவரிமாவைப் பற்றிய குறளைச் சிலர் இவ்விடத்தில் நினைக்கக்கூடும். வள்ளுவர் அங்கே பேசுவது மானத்தைப் பற்றி. மயிரை உவமையாக மட்டுமே கொண்டார். பிள்ளைகளுக்காக உயிரைக் காத்துக்கொள்ள முடியை இழப்பதில் மானக்கேடு எங்கே இருக்கிறது?

நம் மக்களுக்கு மொட்டைத் தலை புதியதன்று. வேளாங்கண்ணியில் நம் பெண்கள் எத்தனை பேர் நேர்த்திக்கடனாக முடி கொடுத்து, சந்தனம் பூசி, மகிழ்ச்சியோடு பேருந்தேறி ஊர் திரும்புகின்றனர்! அவர்களை எவரும் அபசகுனம் என்பதில்லை. இரண்டும் ஒரே மொட்டைதான். ஒன்று தாமே கொடுத்தது, மற்றது பறிபோனது. வேறுபாடு அதில்தான் இருக்கிறது. ஆகவே பறிபோகும் வரை காத்திராமல், "என் பிள்ளைகளுக்காகக் கொடுக்கிறேன்" என்று தாமே துணிந்து கொடுப்பவர்க்குத் துயரம் பாதியாகும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அத்துயரமே 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்றுவதற்கு வித்தாயிற்று. ஃபுளூரோயுராசில் மருந்து பற்றிய ஆய்வு 1957-இல்தான் வெளிவந்தது. தங்கைக்கு அது கிடைக்கவில்லை. இன்று அது நமக்குப் புதுச்சேரி ஜிப்மரிலேயே கிடைக்கிறது; முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் கீமோ சிகிச்சைக்கு இடமுண்டு. கிடைத்ததைக் கூந்தலுக்காக மறுப்பது தகுமா?

இறுதியாக வீட்டாருக்கு ஒரு சொல். கண்ணாடியை ஒளித்துவைக்காதீர்கள்; "முடிதானே போயிற்று" என்று எளிதாகவும் பேசாதீர்கள். அழுதால் அழட்டும், அருகில் இருங்கள். கணவன்மாரே, உங்கள் மனைவியை வீட்டுக்குள் மறைத்துவைக்காமல் திருப்பலிக்கும் திருமணத்திற்கும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பெண் பார்க்க வருவோரிடம் நோயை மறைக்கவும் வேண்டா. தாய் உயிரோடு முன்நின்று மகளை வாழ்த்துவதைவிட மங்கலம் வேறில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, அடுத்த மருந்து நாள் எது என்று குறித்துவைத்து, அந்நாளில் அவரோடு ஒருவர் தவறாமல் புறப்படுங்கள்.