கால் போட்டாச்சு, பிறகு?



போரில் ஒரு காலை இழந்த பெண்ணைப் பற்றி எமது ஊரில் விசாரித்தால், "அவவுக்கு இப்ப பிரச்சினை இல்லை, கால் போட்டாச்சு" என்று சொல்வார்கள். ஜெய்ப்பூர் கால் கிடைத்த நாளோடு அவளுடைய கஷ்டம் முடிந்துவிட்டது என்பது பலருடைய எண்ணம். ஆனால் வேலை நிமித்தம் நான் போய்வரும் வீடுகள் பலவற்றில் அந்தக் கால் அலுமாரிக்குப் பின்னாலோ கட்டிலுக்குக் கீழோதான் கிடக்கிறது. அந்தப் பெண் ஊன்றுகோலுடன் வீட்டுக்குள்ளேயே நாளைக் கழிக்கிறாள்.

ஏன் போடுவதில்லை என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்வார்கள். "உரசிப் புண் வந்திட்டுது." "மெலிஞ்சு போனன், கால் கழருது." "போட்டுக்கொண்டு மலசலகூடத்தில குந்த ஏலாது." "ஆம்பிளையளிட்டத் தொடையைக் காட்டி அளவு குடுக்க வெக்கம்." "இல்லாத கால் இரவில நோகுது." இவற்றை வைத்தியர் ஒருவராலோ கால் செய்பவர் ஒருவராலோ மாத்திரம் தீர்த்துவிட முடியாது. பல பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. இம்மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

இருவர் சேர்ந்து செய்த கால்

ஜெய்ப்பூர் கால் பிறந்ததே கூட்டு முயற்சியில்தான். இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் என்புமுறிவுச் சத்திரசிகிச்சை நிபுணரான பி. கே. சேத்தி அவர்களும், அதிகம் பள்ளிக்கூடம் போகாத கைவினைஞரான ராம் சந்திர சர்மா அவர்களும் 1968இல் இதனை உருவாக்கினார்கள். அதற்கு முன் கிடைத்த மேல்நாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்துப் போட்டுக் கதிரையில் இருப்பவர்களுக்கு ஏற்றவை. எங்களைப் போலத் தரையில் சப்பாணி கட்டி இருக்கவும், குந்தவும், வெறுங்காலுடன் வயலில் நடக்கவும் அவை உதவவில்லை. உடம்பைப் பற்றிய அறிவை வைத்தியர் தந்தார். இறப்பரையும் மரத்தையும் வளைக்கும் அறிவைக் கைவினைஞர் தந்தார். நோயாளர்கள் போட்டு நடந்து பார்த்துக் குறை சொன்னார்கள். இப்படித்தான் அந்தப் பாதம் உருவானது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் 1987இல் தொடங்கி, போர்க்காலம் முழுவதும் எமது மக்களுக்குக் கால் செய்து கொடுத்து வந்தது.

யார் யார் தேவை?

முதலில் வைத்தியரும் தாதியும். காயம் ஆறும் நாட்களிலேயே புனர்வாழ்வு தொடங்கிவிடுகிறது. வீக்கம் வற்றுவதற்காக எஞ்சிய கால் பகுதியை இழுபடும் பண்டேஜால் முறைப்படி சுற்றுவதைத் தாதியிடம் பழகிக்கொள்ள வேண்டும். சொகமாக இருக்கிறது என்று அதற்குக் கீழே தலையணை வைக்கக் கூடாது. வைத்தால் முழங்காலோ இடுப்போ மடங்கியபடி இறுகிவிடும். இறுகிய மூட்டில் எவ்வளவு நல்ல காலைப் பூட்டினாலும் நேராக நடக்க முடியாது.

அடுத்து இயன்மருத்துவர், நாங்கள் 'பிசியோ' என்று சொல்கிறவர். குப்புறப் படுத்து இடுப்பை நிமிர்த்துவது, மற்றக் காலையும் கைகளையும் பலப்படுத்துவது, விழுந்தால் எழும்புவது எல்லாவற்றையும் அவர் பழக்குவார். முழங்காலுக்கு மேலே கால் இழந்தவர்கள் நடப்பதற்கு மற்றவர்களைவிடக் கூடுதலான சக்தி செலவாகும். ஆகவே விரைவாகக் களைப்பது சோம்பல் அல்ல. இதை வீட்டாரும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கால் செய்யும் தொழில்நுட்பவியலாளர். எஞ்சிய கால் பகுதி காலப்போக்கில் மெலியும். கூடு தளர்ந்தால் அதற்குரிய காலுறையை ஒன்று கூடப் போடலாம். அதுவும் போதாவிட்டால் கூட்டை மாற்ற வேண்டும். பழந்துணியை அடைந்து சமாளிக்காதீர்கள். அளவு கொடுக்க வெட்கமாக இருந்தால் பெண் ஊழியர் ஒருவரையோ உங்கள் சகோதரியையோ அருகில் வைத்துக்கொள்ளக் கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

நான்காவது, தொழில்வழிச் சிகிச்சையாளர். சமையல், குளியல், மலசலகூடம், தையல் போன்ற அன்றாட வேலைகளை எப்படிச் செய்வது, வீட்டில் எதை மாற்றுவது என்று அவர் சொல்லித் தருவார்.

ஐந்தாவது, உளவளத்துணையாளர். இல்லாத கால் நோகிறது என்றால் "விசர்க்கதை" என்று சிரிப்பவர்கள் உண்டு. அது கற்பனை அல்ல. மூளையில் அந்தக் காலுக்குரிய இடம் இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு கண்ணாடியை வைத்தே இந்த நோவைக் குறைக்கும் பயிற்சியைக் கண்டுபிடித்தார். இருக்கும் காலைக் கண்ணாடியில் பார்த்தபடி அசைக்கும்போது, இல்லாத காலும் அசைவதாக மூளை உணர்கிறது. எல்லோருக்கும் பலன் ஒரே அளவாக இராது. ஆனாலும் நோவு இருந்தால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். குண்டு விழுந்த நாளின் நினைவும் இழந்தவர்களின் நினைவும் உடம்பு நோவாக வெளிப்படுவதும் உண்டு. அதற்கும் உதவி இருக்கிறது.

நடுவில் நிற்பவள் யார்?

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது 'நோயாளி வகிபாகம்' என்ற ஒன்றைப் படித்தோம். நோயாளி என்றால் மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு, பேசாமல் படுத்திருந்து, சுகப்பட வேண்டும் என்று சமூகம் எதிர்பார்க்கிறது. காய்ச்சலுக்கு அது சரியாக இருக்கலாம். வாழ்நாள் முழுவதும் ஒரு செயற்கைக் காலோடு வாழப்போகிற பெண்ணுக்கு அது சரிவராது. அவளே இந்தக் குழுவின் நடுவில் இருக்க வேண்டும்.

வடமராட்சியில் ஓர் அக்கா இருக்கிறார். 2009இல் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர். சில வருடங்களாகக் காலைப் போடுவதை விட்டிருந்தார். "என்ன செய்ய வேணும் எண்டு ஆசைப்படுறீங்கள்?" என்று கேட்டேன். "நடக்கிறது இருக்கட்டும் தங்கச்சி. என்ர குளிப்புக்கு நானே தண்ணி அள்ள வேணும். மருமகளை எத்தினை நாளைக்குக் கூப்பிடுறது?" என்றார். அதையே குறிக்கோளாக வைத்தோம். கிளினிக்கில் சோதித்தபோது நீரிழிவு இருப்பது தெரிந்தது. புண் ஆறாததற்கு அதுவும் ஒரு காரணம். முதலில் சீனியைக் கட்டுப்படுத்தி, தாதி மருந்து கட்டிப் புண்ணை ஆற்றினார். பிறகு புதிய கூடு செய்யப்பட்டது. பிசியோ அரை வாளித் தண்ணீருடன் நடக்கப் பழக்கினார். தம்பியார் கிணற்றடியில் வழுக்காத சீமெந்துத் தளமும் பிடித்து நிற்க ஒரு குழாயும் போட்டுக்கொடுத்தார். மலசலகூடத்துக்கு நடுவில் துளையிட்ட கதிரை ஒன்று வந்தது. மாதக்கணக்கில் நடந்த வேலை இது. இன்று அவர் தன் தண்ணீரைத் தானே அள்ளுகிறார். தூரம் நடக்க இன்னமும் கஷ்டம்தான். ஆனால் அவர் கேட்டது நடந்திருக்கிறது.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட சகோதரிகளுக்கும் இதுவே பொருந்தும். இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் 1944இல் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் இப்படியான காயக்காரருக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். அதுவரை அவர்களில் பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்து போனார்கள். அவர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளரைப் புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். பிறகு விளையாட்டையும் சிகிச்சையாக்கினார். 1948இல் அங்கே நடந்த அம்பெய்யும் போட்டியில் சக்கர நாற்காலியில் இருந்தபடி 16 பேர் பங்குபற்றினார்கள். அவர்களில் இருவர் பெண்கள். இன்றைய பராலிம்பிக் போட்டிகளுக்கு அதுதான் வித்து. அம்பு எய்த கைகளுக்குப் பின்னால், இரவிலும் எழும்பிப் புரட்டிவிட்ட கைகள் இருந்தன. எமது வீடுகளில் அதைச் செய்கிறவர் பெரும்பாலும் தாயோ சகோதரியோதான். அவருக்கும் முறை மாற்றிக்கொள்ள ஆள் வேண்டும், ஓய்வு வேண்டும்.

இந்த மாதமே செய்யக்கூடியவை

போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அன்று இளம்பெண்களாகக் காயப்பட்டவர்கள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள். உடம்பு மாறிவிட்டது. கால் தேய்ந்துவிட்டது. ஆகவே,

ஒவ்வோர் இரவும் காலைக் கழற்றி, எஞ்சிய பகுதியை மென்மையான சவர்க்காரத்தால் கழுவி ஈரம் துடையுங்கள். சிறு கண்ணாடியைப் பிடித்துப் பின்பக்கத்தையும் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ இருந்தால், அது ஆறும்வரை காலைப் போடாமல் உடனே காட்டுங்கள்.

இரத்தத்தில் சீனியைச் சோதியுங்கள். மிஞ்சியிருக்கும் மற்றக் காலையும் காப்பாற்ற வேண்டும் அல்லவா?

உடம்பில் குண்டுச்சிதறல் இருந்தால் எந்த ஸ்கான் எடுக்கும் முன்பும் அதைச் சொல்லுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது "என்னால் செய்ய முடியாமல் இருப்பது இது, நான் செய்ய விரும்புவது இது" என்று இரண்டு வரி எழுதிக்கொண்டு போங்கள். ஒருவரிடம் மட்டும் காட்டிவிட்டுத் திரும்பாமல், "இன்னும் யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். போக்குவரத்துக்கோ வீட்டுத் திருத்தத்துக்கோ உதவி தேவையானால் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பியுங்கள்.

காயப்படாத சகோதரிகளிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் மாதர் சங்கத்தில் கூட்டங்களுக்கு வராமல் நின்றுவிட்ட ஒருத்தி இருப்பாள். அவள் வீட்டுக்கு ஒருநாள் போங்கள். அலுமாரிக்குப் பின்னால் கால் கிடந்தால், ஏன் போடுவதில்லை என்று ஆறுதலாகக் கேளுங்கள். அடுத்த கிளினிக் நாளில் அவளோடு பஸ் ஏறுங்கள்.