ஊசியும் நூலும்: தடித்த சுவெற்றரா, மெல்லியதா?



சென்ற மாதம் தையல் வகுப்பு முடிந்து எல்லோரும் புறப்பட்ட பின்னரும் ஓர் அம்மா மட்டும் வாங்கிலில் இருந்தார். கணவரை 2009 இல் இழந்தவர். அவருடைய ஒரே மகன் படிப்புக்காக இங்கிலாந்து போகிறான். காப்பை அடைவு வைத்து எடுத்த காசில் அவனுக்குக் குளிருடுப்பு வாங்க வேண்டும். கைபேசியில் இரண்டு படங்களைக் காட்டினார். இரண்டும் ஆண்கள் போடும், கழுத்தை முழுதாக மூடி மடித்துவிடுகிற சுவெற்றர்கள். ஒன்று கயிறு போலத் தடித்த நூலில் பின்னியது. மற்றது பெனியன் துணி போல மெல்லியது.

"ரீச்சர், ரெண்டும் வாங்கக் காசு காணாது. மொத்தமானதுதானே நல்லது?" என்று கேட்டார்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தம்பிமார் இருவர். மூத்தவனை 2009 மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் காணவில்லை. அவனைத் தேடி நிரப்பிய படிவங்களில் எல்லாம் கடைசியாக என்ன உடுத்திருந்தார் என்று ஒரு கேள்வி இருக்கும். நீலக் கோடு போட்ட சேட் என்று எத்தனை தடவை எழுதினேனோ தெரியாது. இளையவன் 2010 இல் கனடா போய்ச் சேர்ந்தான். அங்கே பனி கொட்டுகிறது என்று கேட்ட நாளில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. இவனையாவது குளிர் தொடக் கூடாது என்று நினைத்தேன். கிடைத்த நூலில் மிகத் தடித்ததை வாங்கி, 2012 இல் மாலை மாலையாக இருந்து பின்னினேன். கழுத்து இரண்டு மடிப்பு. நிறுத்தபோது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நூலுக்குக் கொடுத்ததைவிட அனுப்புவதற்குக் கொடுத்தது கூட. சில கிழமைகளில் அதைப் போட்டபடி எடுத்த படம் ஒன்று வந்தது. அதைச் சட்டம் போட்டு வைத்தேன்.

2019 இல் தம்பி ஊருக்கு வந்தான். சுவரில் அந்தப் படத்தைக் கண்டதும் தலையைச் சொறிந்தான்.

"கோவிக்காதையுங்கோ அக்கா. படம் எடுக்கத்தான் அதைப் போட்டனான். பிறகு போடேலாமல் போச்சு."

அவன் வேலை செய்தது ஓர் உணவகத்தின் குசினியில். ரொறன்ரோவில் ஜனவரி இரவுகளில் குளிர் சைபருக்குக் கீழே 10 பாகைக்கு இறங்குவது சாதாரணம். ஆனால் அந்தக் குளிரில் அவன் நிற்பது பஸ் தரிப்பில் பத்து நிமிடம் மட்டுமே. பஸ்ஸுக்குள் சூடு, குசினிக்குள் அதைவிடச் சூடு. வாடகை வீடுகளில் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை வெப்பம் இருக்க வேண்டும் என்பது அந்த நகரத்துச் சட்டம். என் சுவெற்றருக்கு மேலே குளிர் ஜக்கெற்றைப் போட்டால் கை மடியாது. ஜக்கெற்றைக் கழற்றினால் உள்ளே வியர்த்து ஊற்றும். நான் அவனுக்குப் பின்னவில்லை, என் பயத்துக்குத்தான் பின்னியிருக்கிறேன் என்று அன்றைக்கு விளங்கியது.

"அப்ப எறிஞ்சு போட்டியோ?" என்று கேட்டேன்.

"எறியிறதோ? அதுதான் எங்களை ஒருக்கால் காப்பாத்தினது" என்றான்.

2013 டிசம்பரில் ரொறன்ரோவில் ஐஸ் மழை பெய்தது. மரக்கிளைகள் மின்கம்பிகளின் மேல் முறிந்து விழுந்து, லட்சக்கணக்கான வீடுகள் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. தம்பி இருந்த அறையிலும் சூடு நின்றுவிட்டது. அங்கே நாலு பொடியன்கள். அந்தச் சுவெற்றரை முறை வைத்து மாறிமாறிப் போட்டார்களாம்.

ஆகவே தடித்ததும் பிழையில்லை, மெல்லியதும் பிழையில்லை. எது எங்கே வேலை செய்யும் என்பதை அறிந்து தெரிவு செய்ய வேண்டும்.

சுவெற்றர் தானாகச் சூடு தருவதில்லை. நூலுக்குள்ளும் கண்ணிகளுக்குள்ளும் அடைபட்டு நிற்கும் காற்றே உடம்பின் சூட்டை வெளியே போகாமல் தடுக்கிறது. தடித்த பின்னலில் அந்தக் காற்று அதிகம். ஆனால் கண்ணிகள் பெரிதாக இருப்பதால் பலத்த காற்று அடித்தால் அது ஊடுருவிவிடும். மேலே காற்றுப் புகாத ஜக்கெற் இல்லாவிட்டால் பயன் பாதிதான். மெல்லியதன் பலம் அடுக்கிப் போடலாம் என்பது. உள்ளே ஒரு பெனியன், அதன்மேல் மெல்லிய சுவெற்றர், அதன்மேல் ஜக்கெற் என்று மூன்று அடுக்குப் போட்டால் அடுக்குகளுக்கு இடையிலும் காற்று நிற்கும். சூடான இடத்துக்குள் போனதும் ஒன்றைக் கழற்றிவிடலாம்.

வாங்க முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். அதையும் போடப்போகிறவரிடமே கேளுங்கள்.

முதலாவது, நாளில் எவ்வளவு நேரம் வெளியே நிற்கிறார்? கட்டட வேலை, தோட்ட வேலை, குளிர்க் களஞ்சிய வேலை என்றால் தடித்தது உதவும். கடை, அலுவலகம், வகுப்பு, குசினி என்றால் மெல்லியது.

இரண்டாவது, மேலே என்ன போடுவார்? ஜக்கெற் இறுக்கமானது என்றால் உள்ளே தடித்தது போகாது. மெல்லியதை நெஞ்சுச் சுற்றளவைவிட 5 சென்ரிமீற்றர் கூடுதலாக எடுத்தால் போதும். தடித்ததுக்கு 10 முதல் 15 சென்ரிமீற்றர் வேண்டும்.

மூன்றாவது, யார் தோய்ப்பார், எங்கே காயவைப்பார்? கம்பளியைச் சுடுநீரில் போட்டு மெஷினில் சுழற்றினால் சுருங்கிச் சிறுபிள்ளைச் சட்டையாகிவிடும். மெஷினில் போடலாம் என்று துண்டில் எழுதியிருந்தால் மட்டும் போடலாம். மற்றதைக் குளிர்ந்த நீரில் கசக்காமல் அலசி, துவாயில் சுற்றி அமுக்கி, தட்டையாக விரித்துக் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் கீழே இழுபட்டுவிடும். தடித்தது காய இரண்டு நாள் பிடிக்கும். ஓர் அறையில் நாலு பேர் இருக்கும் இடத்தில் அதை எங்கே விரிப்பது?

அடுத்தது நூல். எங்கள் கடைகளில் 'வுல்' என்று தருவது பெரும்பாலும் அக்கிறிலிக். மலிவு, தோய்க்க இலகு. ஆனால் கம்பளி தன் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் உடம்பில் நனைந்தது போலத் தெரியாது. அக்கிறிலிக் வியர்வையை உறிஞ்சாது. அதைவிட முக்கியமானது நெருப்பு. அக்கிறிலிக் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி இலகுவில் பற்றாது. குசினியில் நிற்கும் தம்பிக்கு நான் பின்னியது அக்கிறிலிக் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது.

சந்தேகம் என்றால் ஒரு சிறு நூலைக் குறட்டில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகும் மணம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி. உருகிக் கறுத்த மணியாக இறுகினால் அது செயற்கை நூல்.

கழுத்துத்தான் இந்தச் சுவெற்றரின் உயிர். அது தோலில் உரசும் இடம் என்பதால் நூல் மிருதுவாக இருக்க வேண்டும். கம்பளி இழையின் பருமனை மைக்ரோனில் அளப்பார்கள். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 30 மைக்ரோனைத் தாண்டிய இழைகள் குத்தும். மெரினோ ஆட்டுக் கம்பளி பெரும்பாலும் 24 மைக்ரோனுக்கு உட்பட்டது என்பதால் குத்தாது. மெல்லியவற்றில் மெரினோ இருந்தால் முதலிடம் கொடுங்கள். கட்டைக் கழுத்துக்காரருக்குத் தடித்த இரட்டை மடிப்பு நாடி வரைக்கும் முட்டும். அவர்களுக்கு மெல்லிய, பதிந்த மடிப்பே வசதி. மெலிந்து நெடிய பிள்ளைக்குத் தடித்தது எடுப்பாக இருக்கும்.

ஓடருக்குப் பின்னிக் கொடுக்கும் சகோதரிகளுக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். தடித்த நூலில் 10 சென்ரிமீற்றர் சதுரத்துக்கு 14 கண்ணி, 20 வரிசை, மொத்தம் 280 கண்ணி. மெல்லிய நூலில் 28 கண்ணி, 38 வரிசை, மொத்தம் 1064. கிட்டத்தட்ட நாலு மடங்கு வேலை. அதற்கு நாலு மடங்கு கூலி யாரும் தரமாட்டார்கள். ஆகவே மெல்லியதை மெஷினில் பின்னியதாகக் கடையில் வாங்குவதும், தடித்ததைக் கையால் பின்னுவதுமே எங்களுக்குக் கட்டுபடியாகும். பின்னும்போது கழுத்தை மட்டும் அளந்து நிறுத்தாதீர்கள், தலைச் சுற்றளவையும் எடுங்கள். கழுத்து இழுபட்டுத் தலை நுழைய வேண்டும். இரண்டு நேர், இரண்டு மறு என்று ரிப் பின்னலாகப் போட்டு, கடைசி வரிசையைத் தளர்வாக முடியுங்கள்.

இனி அந்த அம்மாவிடம் வருகிறேன். "மகனிட்டைக் கேட்டனீங்களோ?" என்றேன். அவர் கேட்கவில்லை. அங்கேயே, என் முன்னால், அழைத்துக் கேட்டார். மகன் முன்னரே போன ஒரு நண்பனிடம் விசாரித்துச் சொன்னான். வகுப்பிலும் கடை வேலையிலும் சூடு இருக்கிறதாம். ஆனால் வாடகை அறையில் ஹீற்றர் செலவு கூட என்பதால் இரவில் அணைத்து வைப்பார்களாம். பகலுக்கு மெல்லியது, இரவில் அறைக்குள் இருந்து படிக்கத் தடித்தது.

இருக்கிற காசுக்கு மெல்லிய மெரினோ ஒன்றை வாங்கச் சொன்னேன். தடித்ததை அவரே பின்னுகிறார். ஊசி பிடிக்கத் தெரியாதவர், இப்போது கழுத்து வரைக்கும் வந்துவிட்டார். மகனின் தலைச் சுற்றளவு 57 சென்ரிமீற்றர் என்று கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். பயணத்துக்கு முன் முடியாவிட்டால் பிறகு அனுப்பலாம். மகன் வேண்டும் என்று சொன்ன சுவெற்றர் என்பதால் எனக்கு அதில் கவலை இல்லை.

அடுத்த இதழில், பழைய சுவெற்றரைப் பிரித்து நூலை மீட்டெடுக்கும் முறையுடன் சந்திப்போம்.