கோயிலைக் கோட்டையாக்கியவர்கள் யார்?

காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் என்னை மடக்கினார். "துருக்கியிலே பழைய சர்ச் ஒன்றை மசூதியாக்கிவிட்டார்களாமே, தோழர்! நம் நாட்டிலும் பழங்கணக்கைத் தீர்க்கவேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறதே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

நியாயமான கேள்வி. சரித்திரத்தையே பதில் சொல்லச் சொல்வோம்.

இஸ்தான்புல் நகரத்து ஹாகியா சோபியாவை 537-ல் கட்டி முடித்தவன் பைசாந்தியச் சக்கரவர்த்தி ஜஸ்டினியன். அங்கே முன்பிருந்த தேவாலயம், 532-ல் அவனுடைய ஆட்சிக்கும் வரிக்கொடுமைக்கும் எதிராகத் தலைநகர மக்கள் செய்த கலகத்தில் எரிந்துபோயிற்று. கலகத்தை அடக்குகையில் முப்பதாயிரம் பேர் கொல்லப்பட்டதாக அந்நாளைய சரித்திராசிரியர் புரோகோப்பியஸ் எழுதிவைத்தார். அந்த ரத்தம் காயுமுன் தொடங்கியதே இந்தக் கட்டடம்!

1204-ல் அதைச் சூறையாடியவர்கள் யார்? சிலுவைப் போருக்கென்று புறப்பட்டுவந்த கிறிஸ்தவப் படையினரே! 1453-ல் நகரை வென்ற துருக்கி சுல்தான் அதை மசூதியாக்கினான். 1935-ல் அது மியூசியமாயிற்று. 2020-ல் துருக்கி சர்க்கார் மீண்டும் மசூதியாக்கியது.

அவ்வளவு தூரம் போவானேன்? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஏழு மதில்களுடன் நிற்கும் நம் ஸ்ரீரங்கம் கோயிலைப் பாருங்கள். 1323-ல் டில்லிப் படை வந்தது. ஊர் ஊராகச் சுமந்து செல்லப்பட்ட உற்சவ விக்கிரகம் 1371-ல்தான் திரும்பியது. மதவெறிக் கூட்டம் கதையை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும். நாம் நிறுத்தக்கூடாது.

1752-ல் அதே கோயிலின் மதில்களுக்குள் பிரெஞ்சுத் தளபதி லாவின் பட்டாளமும் சந்தா சாகிபின் சேனையும் கூடாரம் அடித்திருந்தன. கொள்ளிடத்துக்கு வடக்கே, சமயபுரத்துக் கோயில்களில் இங்கிலீஷ்காரன் கிளைவின் பட்டாளம். திருச்சிக் கோட்டைக்குள்ளே முகம்மது அலி. இரண்டு பக்கமும் முஸ்லிம் நவாபுப் பட்டம் கோரியவர்கள். இரண்டு பக்கமும் கிறிஸ்தவக் கம்பெனிகள். இரண்டு பக்கமும் இந்துச் சிப்பாய்கள்! மதமா இவர்களைப் பிரித்தது? இல்லை. கர்நாடகத்தின் நிலவரி யார் பைக்குப் போவது என்பதே சண்டை. கோயில் அவர்களுக்கு நல்ல கொத்தளம், அவ்வளவுதான். அவ்வருடம் ஜூனில் லா சரணடைந்தார். வரி கொடுத்த குடியானவனுக்கு மட்டும் விடுதலை வரவில்லை.

ஆனால் இன்னொரு மாறுதலும் நடந்தது. அதைச் செய்தது எந்தப் பட்டாளமும் அல்ல. தீண்டப்படாதவர் என்று தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் போராடினார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. கல் மாறவில்லை, மதில் மாறவில்லை. உள்ளே போகும் உரிமை மாறியது. பெருமைப்படவேண்டிய மாறுதல் இதுவே.

1947 ஆகஸ்டு 15-ல் எந்த வழிபாட்டுத் தலம் யாருடையதாக இருந்ததோ அது அப்படியே இருக்கவேண்டும் என்று, அயோத்தி ஒன்று நீங்கலாக, 1991-ல் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. அதையே ரத்துச் செய்யக் கோரிச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். ரத்தானால் என்ன ஆகும்? ஊருக்கு ஊர் அஸ்திவாரம் தோண்டுவார்கள்; தெருவுக்குத் தெரு ரத்தம் சிந்தும்.

மார்க்கெட்டில் ஒரே மூட்டைக்கு ஒரு பக்கம் கந்தசாமியும் மறுபக்கம் காதரும் தோள் கொடுக்கிறார்கள். கூலி இருவருக்கும் ஒன்றுதான். குறைத்தால் இருவருக்கும்தான் குறைகிறது. ஆகவே, தோழரே, பழங்கணக்கைக் கிளறுகிறவனிடம் கேளுங்கள்: "அன்று எங்கள் வரிக்காகக் கோயிலைக் கோட்டையாக்கினார்கள், இன்று நீ எதற்காக ஆக்கப் பார்க்கிறாய்?"