பத்து விழுக்காடு யாருடைய கணக்கு?

விற்றுமுதலில் பத்து விழுக்காட்டை ஒதுக்கி, இணைய விளம்பரத்தைக் கொழும்பு நிறுவனமொன்றிடம் ஒப்படைத்தால் வியாபாரம் பெருகும் என்கிறார்கள். புங்குடுதீவு மடத்துவெளியிலுள்ள கடைக்கு இது பொருந்தாது. ஒன்று: மாதம் 3 இலட்சம் ரூபாவுக்கு விற்று 45,000 மிஞ்சும் கடையில் 30,000 கொடுத்தால், இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். இலாபத்தைப் பாராமல் செலவை முடிவுசெய்வது என்ன கணக்கு? இரண்டு: நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறக் குறிகட்டுவான் போகிறவர்கள் ஏற்கெனவே மடத்துவெளி வீதியால்தான் போகிறார்கள். அவர்களுடைய கைபேசி வரைபடத்தில் கடை தெரிய வேண்டும், அவ்வளவுதான். கூகுளில் அந்தப் பதிவு இலவசம். அதற்கு ஏன் மாதக் கட்டணம்?

மூன்று: கடைக்காரருக்கு நேரமில்லை என்பது நியாயமான மறுப்பு. அப்படியானால் படமெடுக்கும் வேலையையும் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு முந்திய விளம்பரத்தையும் மட்டும் வெளியே கொடுங்கள். முகநூல் பக்கமும் விளம்பரக் கணக்கும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். தன் கூலி எவ்வளவு, முகநூலுக்குக் கட்டியது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதாதீர்கள்.