குங்குமப்பூப் பாலும் இரும்பு மாத்திரையும்

குங்குமப்பூவைப் பாலில் கலந்து குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும், சத்து மாத்திரையை விழுங்கினால் கறுத்துப் பிறக்கும் என்னும் நம்பிக்கை, படிப்பு பெருகப் பெருகத் தானாகத் தேய்ந்துவிடும் என்றுதான் எதிர்பார்க்கப்பட்டது. மாறாக, அது கைப்பேசிக் காணொளிகளில் ஏறி, எந்த மாதத்தில் எத்தனை இழை என்று அளவு சொல்லும் அளவுக்குத் துணிந்துவிட்டது. பாட்டிமார் சொன்னபோது அறியாமை என்று பொறுத்துக்கொள்ள முடிந்ததை, பட்டம் பெற்றோர் பரப்பும்போது பொய் என்றே அழைக்க வேண்டும்.

இந்தப் பொய்யை உடைக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. இரட்டைப் பிள்ளைகள் போதும். இரு தனித்தனிச் சினைமுட்டைகளிலிருந்து உருவாகும் இருகரு இரட்டையர், ஒரே கருப்பையில், தாய் குடித்த அதே பாலையும் விழுங்கிய அதே மாத்திரையையும் பங்கிட்டுக்கொண்டு வளர்கின்றனர். இருந்தும் ஒரு பிள்ளை மாநிறமாகவும் மற்றது வெளுப்பாகவும் அமைவதுண்டு. குங்குமப்பூ ஒரு பிள்ளையைத் தேடிச் சென்று மற்றதைக் கைவிட்டது என்று எவரேனும் வாதிட முடியுமா? தோலின் நிறம் மெலனின் என்னும் நிறமியின் அளவையும் வகையையும் பொறுத்தது; அவற்றை வகுப்பவை கரு உருவாகும்போதே தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்துசேரும் மரபணுக்கள். குங்குமப்பூவின் சாயமாகிய குரோசின் பாலை மஞ்சளாக்கும், மரபணுவை மாற்றாது.

பிறந்த குழந்தையின் உடலில் மெலனின் முழு அளவில் உருவாகியிருக்காது என்பதால், அதன் தோல் முதல் நாட்களில் வெளுத்தோ இளஞ்சிவப்பாகவோ தோன்றி, வாரங்கள் செல்லச் செல்ல இயல்பான நிறத்தை அடைகிறது. அந்த முதல் நாட்களின் சிவப்பு குங்குமப்பூவின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பின்னர் வரும் நிறத்துக்கோ தாயின் மீது பழி விழுகிறது.

பால் குடிப்பதோடு இது நின்றிருந்தால் வீண்செலவு என்று விட்டுவிடலாம். ஆனால் இதே நம்பிக்கையின் மறுபாதி பெண்களின் உயிரைத் தொடுகிறது. கர்ப்பக் காலத்தில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை பெருகுவதால், அதற்கும் குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் சேர்த்து ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாக வேண்டியிருக்கிறது. அதை உணவிலிருந்து மட்டும் பெறுவது பெரும்பாலோருக்கு இயலாது. அதனால்தான் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட சிவப்பு மாத்திரை, நான்காம் மாதம் முதல் குறைந்தது 180 நாட்களுக்கு நாள்தோறும் இலவசமாக வழங்கப்படுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர், அதாவது ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே உள்ளோர். பிரசவத்தில் பெருகும் குருதிப்போக்கை வலுவான உடல் தாங்கிக்கொள்ளும்; சோகை பிடித்த உடல் அதைவிடக் குறைந்த இழப்பிலேயே சரிந்துவிடும். பிள்ளை கறுத்துவிடும் என்ற அச்சத்தால் வீட்டில் பெட்டியோடு கிடக்கும் மாத்திரை அந்தப் பெண்ணுக்கு எந்த வகையில் உதவும்?

குற்றம் வீட்டாரோடு முடிவதில்லை. மாத்திரை உண்டவரின் மலம் கறுப்பாகப் போகும், அது உடலில் சேராத இரும்பு, அச்சம் வேண்டாம் என்ற ஒரே வாக்கியத்தை எத்தனை மருந்துச் சீட்டுகள் சொல்கின்றன? அதைச் சொல்லாத இடத்தில், கண்ணால் கண்ட அந்தக் கறுப்பே குழந்தையின் நிறத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. தேநீரோடும் பாலோடும் விழுங்கக் கூடாது, எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கினால் இரும்பு நன்கு சேரும், மலச்சிக்கலுக்கு வழி உண்டு என்பவற்றை விளக்க ஐந்து நிமிடம் ஒதுக்காமல், மாத்திரை தின்னாத பெண்ணை வரிசையில் நிற்கவைத்துக் கடிந்துகொள்வது மருத்துவம் ஆகாது.

நிறத்தின் மீதான இந்த வெறி பேறுகாலத்தில் தொடங்கியதும் அன்று. மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' என்பது படிப்புக்கு முன்னால் நிற்கிறது. 1975 முதல் வெண்மையை விற்ற களிம்பு ஒன்று, 2020-இல் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கியதோடு தன் கடன் முடிந்தது என எண்ணிக்கொண்டது. வளைகாப்புக்கு வந்து குங்குமப்பூச் சிமிழை நீட்டும் உறவினர் எவரும், அந்தப் பெண்ணின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்பதில்லை. ஒரே வயிற்றில் வளர்ந்த அந்த இரட்டையரில் கறுத்த பிள்ளை பெண்ணாக இருந்தால், கூடப் பிறந்ததன் நிறத்தோடு ஒப்பிட்டே வளர்க்கப்படுவாள்; அவளைச் சுமந்த உடலில் போதிய இரத்தம் இருந்ததா என்பதை அப்போதும் எவரும் கேட்கமாட்டார்.