ஜூம் இல்லாட்டி குடி முழுகிடுமா?

கேமரா வாங்கப் போறேன்னு சொன்னா, இங்கே நொய்டாவில் நம்மாளுங்க கேட்கிற முதல் கேள்வி: "ஜூம் எத்தனை எக்ஸ்?" எதுக்குங்க ஜூம்? குதுப்மினார் உச்சியில் புறா எண்ணவா?

ஜூமோடு வாங்கின என் பெரிய கேமரா கனம்னு அலமாரியிலேயே தூங்கிச்சு. 2018 பொங்கலுக்கு ஊருக்குப் போனப்பவும் எடுத்துட்டுப் போகலை. அப்பாவுக்கு அதுதான் கடைசிப் பொங்கல்.

2019ல் வந்த ரிக்கோ ஜிஆர் 3, பேட்டரி, கார்டு சேர்த்து 257 கிராம். பேன்ட் பாக்கெட்டில் போகும். ஒரே லென்ஸ், 28 மிமீ கோணம். சென்சாரோ பல டிஎஸ்எல்ஆர்களில் இருக்கிற அதே ஏபிஎஸ்-சி அளவு. பேட்டரி சீக்கிரம் தீரும், ஃபிளாஷ் கிடையாது (ரெண்டாவது பேட்டரி வாங்கிக்குங்க).

முகம் பெரிசா வேணுமா? ரெண்டடி முன்னால போங்க. அடுப்படியில் அம்மாவை அப்படித்தான் எடுக்கிறேன். "கிட்ட வந்து என்னடா பண்றே"ன்னு திட்டுறாங்க. திட்டட்டும்.